250 என்னும் வாக்குறுதி

1982ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், தென் கலிபோர்னியா சர்வகலாசாலையின் தகவல் விஞ்ஞான நிலையத்தில் பணிபுரிந்த ஜோனதன் போஸ்டல் என்பவர், ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரிடம் கடிதத்தை ஒப்படைக்கும்போது அவை இரண்டும் எந்த முறையில், எந்தச் சொற்களில் பேசிக்கொள்ளவேண்டும் என்பதை வகுத்து ஒரு விதிமுறையை வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. என்று சுருக்கமாக வழங்கும் அவ்விதிமுறை 2001லும் 2008லும் திருத்தி எழுதப்பட்டபோதிலும், அதன் அஸ்திவாரம் அசையவில்லை. மின்னஞ்சல் என்னும் பிரம்மாண்டமான காரியம் முழுவதும் இன்றும் அந்தச் சில சொற்களின் மேல்தான் நடக்கிறது. வருகிற சர்வர் முதலில் தன் பெயரைச் சொல்லுகிறது, கடிதம் யாரிடமிருந்து என்கிறது, யாருக்கு என்கிறது, பிறகு கடிதத்தை வரிவரியாக ஒப்பித்துவிட்டு, தனி வரியில் ஒரே ஒரு புள்ளியை வைத்து முடிக்கிறது. பெறுகிற சர்வர் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று இலக்க எண் ஒன்றால் பதில் சொல்லுகிறது. நாலில் தொடங்கும் எண்ணுக்கு ‘இப்பொழுது முடியாது, பிறகு வா’ என்று பொருள். ஐந்தில் தொடங்குவதற்கு ‘எப்பொழுதும் முடியாது’ என்று பொருள். அந்தப் புள்ளிக்குப் பிறகு வருகிற 250க்கோ ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று பொருள்.

ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லுவது சாமான்யமான காரியமன்று. அந்தக் கணத்திலிருந்து அக்கடிதத்துக்குப் பொறுப்பாளி பெற்றுக்கொண்ட சர்வரே. அனுப்பிய சர்வர் தன் வரிசையில் வைத்திருந்த பிரதியை அழித்துவிடலாம், அழித்தும்விடுகிறது. யந்திரம் நடுவில் நின்றுபோயிற்று என்பது போன்ற அற்பக் காரணங்களுக்காக, ஏற்றுக்கொண்ட கடிதத்தை இழக்கலாகாது என்று விதிமுறை கண்டிப்பாகவே சொல்லுகிறது. பதிவுத் தபாலை வாங்கி ரசீது எழுதிக் கொடுத்துவிட்ட குமாஸ்தாவின் நிலைமைதான் அதனுடையதும். சிறு நிறுவனங்களின் தபால் சர்வரில் காணும் மூன்று பெருங்கோளாறுகளாகிய வேகக் குறைவும், பேக்கப் தவறுவதும், ஸ்பாம் பெருகுவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்ற மூன்று விஷயங்களைப்போலத் தோன்றினாலும், அவை மூன்றுக்கும் மூலம் இந்த ஒரு வாக்குறுதியே என்பது என் கருத்து. வாக்கைக் காப்பாற்ற வேண்டி ஒவ்வொரு கடிதத்தையும் டிஸ்கில் பதித்தாகவேண்டியிருப்பதால் சர்வர் மெதுவாகிறது. வாக்குக் கொடுத்த பின்பு வேறெங்கும் நம்பத்தக்க பிரதி இல்லாமற்போவதால் பேக்கப் அவசியமாகிறது. கதவைத் தட்டுகிற அந்நியர் எவருக்கும் வாக்குக் கொடுத்துவிடும் சுபாவம் இருப்பதால் ஸ்பாம் உள்ளே வருகிறது.

முப்பது நாற்பது பேர் வேலை செய்கிற ஒரு நிறுவனத்தை எண்ணிக்கொள்வோம். மூலையில் ஒரு சர்வர். அதைக் கவனிப்பவர் ஒருவர். அவரே கணக்கு சாப்ட்வேரையும் பிரிண்டரையும் கவனிப்பவர். ‘மெயில் ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது’ என்ற புகார் வந்ததும், அவர் எஜமானரிடம் போய் அதிக வேகமான பிராஸஸர் வாங்கவேண்டும் என்பார், எஜமானரும் வாங்கிக் கொடுப்பார், புகார் போகாது. ஏனென்றால், தபால் சர்வரில் சிந்திக்கவேண்டிய வேலை மிகக் குறைவு; காத்திருக்கவேண்டிய வேலையே அதிகம்.

எதற்காகக் காத்திருக்கிறது என்பதைப் பார்ப்போம். ஒரு கோப்பில் எழுது என்று நிரல் கட்டளையிட்டால், லினக்ஸ் போன்ற இயக்க முறைமைகள் உடனே டிஸ்கில் எழுதிவிடுவதில்லை. ஞாபகத்தில், அதாவது மெமரியில், வைத்துக்கொண்டு சாவகாசமாக எழுதுகின்றன. மின்சாரம் நின்றால் மெமரியில் இருப்பது போய்விடும். ஆகையால் 250 சொல்லுவதற்கு முன், ‘உண்மையாகவே டிஸ்கில் பதிந்துவிட்டதா’ என்று வற்புறுத்திக் கேட்டு, பதிந்தது என்ற பதில் வரும்வரையில் தபால் நிரல் நின்றுகொண்டிருக்கவேண்டும். நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலுகிற ஹார்ட் டிஸ்க், வினாடிக்கு 120 முறை சுழலுகிறது. ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி வினாடிக்குச் சற்று அதிகம். வேண்டிய இடம் தலையின்கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது நாலு மில்லி வினாடி. தலை அந்தத் தடத்துக்கு நகர்ந்து செல்ல இன்னும் எட்டு ஒன்பது மில்லி வினாடி. ஆக, சிதறிக்கிடக்கும் இடங்களில் எழுதவேண்டுமானால் ஒரு டிஸ்க் வினாடிக்கு ஏறக்குறைய எண்பது முறைதான் எழுதமுடியும். பிராஸஸர் கோடிக்கணக்கில் எண்ணுகிற அதே வினாடியில் டிஸ்க் எண்பதோடு களைத்துப்போகிறது. ஒரு கடிதத்துக்கோ ஒரு முறை எழுதினால் போதாது: வரிசையில் ஒரு கோப்பு, அடைவில் ஒரு பதிவு, லாக்கில் சில வரிகள், கடைசியில் உரியவரின் பெட்டியில் ஒரு கோப்பு என்று பல முறை எழுதவேண்டும். எஸ்.எஸ்.டி. வந்தபின் இந்தக் கணக்கு வெகுவாகத் தளர்ந்துவிட்டது உண்மையே. ஆனால் மலிவான டிஸ்குகளில் சில, தம் உள்மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, பதியுமுன்னரே ‘பதிந்தது’ என்று சொல்லிவிடுகின்றன. வேகம் கிடைக்கிறது, வாக்குறுதி பொய்யாகிறது. மின்தடை அடிக்கடி நேரும் ஊரில் அத்தகைய டிஸ்கை யூ.பி.எஸ். இல்லாமல் தபாலுக்கு வைப்பதை நான் சம்மதிக்கமாட்டேன்.

லினக்ஸில் ‘லோடு ஆவரேஜ்’ என்று ஓர் எண் காட்டப்படுகிறது. அது இருபதைத் தொட்டுவிட்டால் பிராஸஸருக்குச் சக்தி போதவில்லை என்றே பலரும் எண்ணுகிறார்கள். லினக்ஸோ டிஸ்குக்காகக் காத்து நிற்கும் நிரல்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுகிறது. ஆகவே லோடு இருபதாகவும் பிராஸஸர் சும்மாவாகவும் இருப்பது முற்றிலும் சாத்தியம்; ‘ஐ.ஓ.வெயிட்’ என்ற எண்ணைச் சேர்த்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

கடிதங்கள் டிஸ்கில் எந்த வடிவத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதும் பெரிய விஷயம். பழைய யூனிக்ஸ் மரபில் ஒருவருடைய கடிதங்கள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோப்பில் தொடர்ந்து எழுதப்பட்டன. எம்பாக்ஸ் என்பது அதன் பெயர். ஒரு ஜிகாபைட் அளவுள்ள அத்தகைய பெட்டியின் நடுவில் ஒரு கடிதத்தை நீக்கினால், அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் திரும்ப எழுதவேண்டும். எழுதி முடியும்வரை புதுக் கடிதம் உள்ளே வரவொட்டாமல் பூட்டு வேறு. டேனியல் பெர்ன்ஸ்டீன் தம்முடைய க்யூமெயில் என்ற நிரலோடு அறிமுகப்படுத்திய மெயில்டிர் முறை, கடிதத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்து, பூட்டுக்களின் தேவையையே ஒழித்தது. முதலில் தற்காலிக அடைவில் எழுதி, எழுதி முடிந்த பின்பே ‘நியூ’ என்ற அடைவுக்கு மாற்றுவதால், பாதி எழுதிய கடிதம் எவர் கண்ணிலும் படுவதில்லை. அழகான யோசனை. ஆனால் எந்த நன்மைக்கும் ஒரு விலை உண்டல்லவா? லக்ஷக்கணக்கான சிறு கோப்புகள் சேருகின்றன. டிஸ்கில் இன்னும் பாதி இடம் காலியாக இருக்கையில் ‘இடமில்லை’ என்று சர்வர் கடிதங்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கும் விந்தையைப் புது நிர்வாகிகள் கண்டு திகைப்பதுண்டு. அதற்குக் காரணம், கோப்பு ஒவ்வொன்றுக்கும் வேண்டிய ‘ஐநோடு’ என்னும் குறிப்பேட்டுப் பதிவுகள் தீர்ந்துபோவது. எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறையில் டிஸ்கைத் தயாரிக்கும்போதே, சாதாரணமாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவற்றின் தொகை நிர்ணயமாகிவிடுகிறது, பிறகு கூட்டமுடியாது. சிறுசிறு கடிதங்களே நிறைந்த பெட்டிகளில் இடத்துக்கு முன்னால் ஐநோடு தீரும்.

டிஸ்கின்மேல் மனிதர்கள் சுமத்துகிற பாரத்தையும் சொல்லவேண்டும். கடிதத்தோடு இணைக்கும் படமோ பத்திரமோ, மூன்று பைட்டுக்கு நாலு எழுத்தாக மாற்றப்பட்டே பிரயாணம் செய்கிறது. ஆகையால் பத்து மெகாபைட் படம் பதின்மூன்றுக்கு மேலாகிறது. அதை அலுவலகத்தில் முப்பது பேருக்கும் ஒருவர் அனுப்பி வைத்தால், முப்பது பிரதிகளாக நானூறு மெகாபைட் டிஸ்கில் ஏறுகிறது. தீபாவளி வாழ்த்துப் படத்துக்கும் இதே கணக்குத்தான்.

பிராஸஸரும் டிஸ்கும் இரண்டுமே ஓய்வாக இருந்து, கடிதங்கள் மாத்திரம் ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து வினாடி தயங்கித் தயங்கி வருமானால், சந்தேகம், பெயருக்கு ஐ.பி. முகவரி தேடித் தரும் டி.என்.எஸ். மேல் திரும்பவேண்டும். வருகிற கடிதம் ஒவ்வொன்றுக்காகவும் ஸ்பாம் சோதனை செய்யும் நிரல் பத்து இருபது பெயர்களை டி.என்.எஸ்.ஸில் விசாரிக்கிறது, விசாரிக்கப்படும் சர்வர்களில் ஒன்று செத்துப்போயிருந்தால், பதில் வராது என்று தெரிந்துகொள்வதற்கே குறித்த அவகாசம் முழுவதும் காத்திருக்கவேண்டும். மூன்றாவது சந்தேகம் மெமரி. வைரஸ் சோதனைக்குப் பலரும் உபயோகிக்கும் கிளாம்ஏவி, தன் அடையாளப் பட்டியலை மெமரியில் ஏற்றிக்கொள்வதற்கே இந்நாளில் ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் கேட்கிறது. இரண்டு ஜிகாபைட் சர்வரில் அதை வைத்தால், மிச்சமுள்ளவை டிஸ்குக்கும் மெமரிக்குமாக இடம் மாறி அலைந்துகொண்டிருக்கும். இங்கே நிவாரணம் விபரீதமாகத் தோன்றலாம்: ஒரே சமயத்தில் சோதிக்கும் கடிதங்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் குறைக்கவேண்டும். இருபது நிரல்கள் மெமரிக்காகச் சண்டையிட்டு ஒன்றும் நகராமல் நிற்பதைவிட, நாலு நிரல்கள் தடையின்றி ஓடி, மற்றக் கடிதங்கள் வரிசையில் காத்திருப்பது வேகமானது.

இனி ஸ்பாம். 1978ஆம் வருஷம் மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தர்க் என்பவர், தம் கம்பெனியின் புதிய கம்ப்யூட்டர்களைக் காண வருமாறு, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். கண்டனங்கள் வந்தன, வியாபாரமும் நடந்தது. போஸ்டல் விதிமுறை எழுதுவதற்கு நாலு வருஷம் முன்னதாகவே இந்த உபத்திரவம் பிறந்துவிட்டது என்பதை எண்ணுகையில், அவ்விதிமுறையில் அனுப்புகிறவர் யாரென்று சரிபார்க்கும் வழி ஒன்றுகூட இல்லாமற்போனது ஆச்சரியமாயிருக்கிறது. ஆனால் அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களின் சிறு உலகம் அது. அங்கே பொய்ப் பெயரில் கடிதம் எழுதவேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

சிறு சர்வர்களின் நிர்வாகத்தில் ஸ்பாமைப் பற்றி நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றே: மறுப்பதானால் வாசலிலேயே மறுக்கவேண்டும். இல்லாத ஒருவர் பெயருக்குக் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘யாருக்கு’ என்று சொல்லும் கட்டத்திலேயே 550 என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. வாக்குறுதி பிறக்கவில்லை, டிஸ்கில் எழுதவில்லை, பொறுப்பு இல்லை. அதற்கு மாறாக, எல்லாவற்றையும் 250 சொல்லி வாங்கிக்கொண்டு, பிறகு உள்ளே பார்த்து ‘அப்படி ஒருவரும் இல்லை’ என்று கண்டுபிடித்தால், வாக்குக் கொடுத்த கடமைக்காக அனுப்பியவருக்குத் தகவல் எழுதவேண்டும். ஸ்பாமில் அனுப்பியவர் முகவரி பொய். யாரோ ஒரு நிரபராதியின் முகவரி. ஆகவே நம் சர்வர் அந்த நிரபராதிக்கு ஸ்பாம் அனுப்பும் யந்திரமாகிறது. சில நாளில் நம் முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறுகிறது. அந்தப் பொய் முகவரி எங்குமே இல்லாததாக இருந்தாலோ, அந்தத் தகவல் வெளியேற முடியாமல் நம் வரிசையிலேயே தங்கி, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற தபால் நிரலின் சாதாரண அமைப்பின்படி ஐந்து நாள் வரையில் திரும்பத் திரும்ப முயன்று டிஸ்கை அலைக்கழிக்கிறது. வேகக் குறைவு என்று வரும் புகார்களில் பல, ஆராய்ந்து பார்த்தால், இந்த இடத்தில் முடிகின்றன. வரிசையைக் கண்ணால் பார்ப்பது ஒரே ஒரு கட்டளை. அதைச் செய்யாமல் புது யந்திரம் வாங்குகிறவர்கள் உண்டு.

வாசலிலேயே மறுக்கும் உபாயங்களில் மிக நுட்பமானது 2003ல் எவான் ஹாரிஸ் எழுதி வெளியிட்ட ‘கிரேலிஸ்டிங்’. முன்பின் அறியாத சர்வர் ஒன்று வந்தால், ‘இப்பொழுது முடியாது, பிறகு வா’ என்று நாலில் தொடங்கும் எண் ஒன்றைச் சொல்லித் திருப்பிவிடுவதே அதன் சாரம். யோக்கியமான சர்வர் விதிமுறைப்படி மறுபடி வரும். லக்ஷக்கணக்கில் வீசிவிட்டுப் போகும் ஸ்பாம் நிரல், அந்நாளில், திரும்பி வருவதில்லை. விதிமுறையைப் பின்பற்றும் பொறுமையையே யோக்கியதைக்குப் பரீக்ஷையாக வைத்த அந்தச் சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்கமுடியாது. இந்நாளில் அதன் பயன் குறைந்துவிட்டது. மறுபடி வரும் ஸ்பாமும் உண்டு. பெரிய நிறுவனங்களின் கடிதமோ ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஐ.பி. முகவரியிலிருந்து வந்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் காத்திருக்க நேர்கிறது. ஐந்து நிமிஷத்தில் காலாவதியாகும் ஓ.டி.பி. பத்து நிமிஷம் கழித்து வந்தால் எவர்தாம் பொறுப்பார்?

கறுப்புப் பட்டியல் என்பது 1990களின் பிற்பகுதியில் பால் விக்ஸி முதலியோர் தொடங்கிய ஏற்பாடு. வருகிறவனுடைய ஐ.பி. முகவரியின் எண்களைத் தலைகீழாக மாற்றி, பட்டியலின் பெயரோடு சேர்த்து, டி.என்.எஸ்.ஸில் விசாரித்து, 127.0.0.2 என்பதைப்போன்ற பதில் வந்தால் ‘இவன் பட்டியலில் உண்டு’ என்றும், பதிலே இல்லையானால் ‘இல்லை’ என்றும் கொள்ளவேண்டும். எளிமையும் வேகமும் வாய்ந்த இந்த முறையில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது: பட்டியலை நடத்துகிறவரிடம் நம் வாசலின் சாவியை ஒப்படைக்கிறோம். ஓ.ஆர்.டி.பி. என்ற பட்டியல் 2006 டிசம்பரில் தன் சேவையை நிறுத்திற்று. நிறுத்தியதைக் கவனியாமல் விசாரித்துக்கொண்டே இருந்த சர்வர்கள் ஏராளம். 2008 மார்ச்சில் அது, கேட்கப்பட்ட எந்த முகவரிக்கும் ‘உண்டு’ என்று பதில் சொல்லத் தொடங்கவே, அந்தச் சர்வர்களெல்லாம் உலகத்திலிருந்து வந்த சகல கடிதங்களையும் மறுத்தன. இன்றைக்கும் இதே ஜாதித் தவறு வேறு ரூபத்தில் நேர்கிறது. ஸ்பாம்ஹாஸ் என்ற பெரிய பட்டியல், பொது டி.என்.எஸ். சர்வர்கள் வழியாக வரும் விசாரணைகளுக்கு 127.255.255.254 என்று ஒரு பிழைக் குறிப்பைத் தருகிறது. எந்தப் பதில் வந்தாலும் ‘உண்டு’ என்று எடுத்துக்கொள்ளும்படி அமைத்த சர்வர், அந்தப் பிழைக் குறிப்பையும் தண்டனையாகக் கொண்டு எல்லோரையும் வெளியே தள்ளிவிடும். சொந்தமாக ஒரு சிறு டி.என்.எஸ். நிரலை அதே சர்வரில் நிறுவிக்கொண்டால் இந்தத் தொல்லையும், முன்பு சொன்ன தயக்கமும் சேர்ந்தே தீர்கின்றன.

உள்ளே வந்த கடிதத்தின் வாசகத்தைக் கொண்டு தீர்மானிக்கும் முறைக்கு 1761ல் காலமான ஆங்கிலப் பாதிரியார் தாமஸ் பேய்ஸின் கணிதம் ஆதாரம். அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் வெளியிட்ட அந்தக் கட்டுரையின் சித்தாந்தத்தை, ஒவ்வொரு சொல்லும் ஸ்பாமில் எத்தனை தரம் வந்திருக்கிறது, நல்ல கடிதத்தில் எத்தனை தரம் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதற்குப் பயன்படுத்தலாம் என்று 2002ல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரை பிரசித்தமானது. ஸ்பாம்அஸாஸின் என்ற நிரல் அதையும் பல்வேறு விதிகளையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறது. ஐந்து வந்தால் ஸ்பாம். இருநூறு ஸ்பாமும் இருநூறு நல்ல கடிதமும் காட்டிப் பழக்கும்வரை அதன் பேய்ஸ் பகுதி வாய் திறப்பதில்லை என்பதைப் பலர் அறியாமல், ‘வேலையே செய்யவில்லை’ என்கிறார்கள். விதிகளுக்கும் வயதாகிறது: எதிர்காலத் தேதியிட்ட கடிதங்களைப் பிடிப்பதற்கென்று அதில் இருந்த ஒரு விதி, 2010 ஜனவரி முதல் தேதியன்று, அவ்வருஷத் தேதியிட்ட எல்லாக் கடிதங்களையும் சந்தேகித்துத் தண்ட மதிப்பெண் போட்டது. நிரலைப் புதுப்பிக்காத சர்வர்களில் புத்தாண்டு வாழ்த்துக்கள் ஸ்பாம் பெட்டியைச் சேர்ந்தன.

ஆனால் சிறு நிறுவனத்துக்கு உள்ளே வரும் ஸ்பாமைவிட வெளியே போகும் ஸ்பாம் பயங்கரமானது. ஊழியர் ஒருவர் போலிக் கடிதத்தை நம்பித் தம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுகிறார். அன்று இரவே எவனோ ஒருவன் அவர் பெயரில் நுழைந்து ஆயிரக்கணக்கில் அனுப்புகிறான். பாஸ்வேர்டு சரியாயிருப்பதால் நம் சர்வர் சந்தேகமின்றி 250 சொல்லுகிறது. வரிசை வீங்குகிறது, டிஸ்க் திணறுகிறது, இரவு இரண்டு மணிக்குத் தொடங்கிய பேக்கப் முடியாமல் அலுவலக நேரத்துக்குள் இழுக்கிறது, காலையில் எழும் புகாரோ ‘போனில் மெயில் திறக்கவில்லை’ என்பது. அங்கிருந்து பின்னோக்கி நடந்தால்தான் திருடன் அகப்படுவான். லாக்கில் எந்தப் பயனர் பெயர் அளவுமீறித் திரும்பத் திரும்ப வருகிறதென்று எண்ணிப் பார்ப்பது குறுக்கு வழி. பாஸ்வேர்டை மாற்றி, திறந்திருக்கும் இணைப்புகளைத் துண்டித்து, வரிசையில் கிடக்கும் அந்தக் கடிதங்களை அழித்த பிறகே, பட்டியல்காரர்களிடம் பெயரை நீக்கும்படி வேண்டவேண்டும். முந்திக்கொண்டு வேண்டினால், மறுநாளே மறுபடி ஏறும். ஒரு பயனர் ஒரு மணிக்கு இத்தனை கடிதம்தான் அனுப்பலாம் என்று வரம்பு கட்டாத சர்வரை நான் பூர்த்தியான சர்வராகக் கருதுவதில்லை.

அனுப்புகிறவர் யாரென்று விதிமுறை கேளாத குறையை எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்று மூன்று ஏற்பாடுகள் பிற்காலத்தில் நிரப்பியிருக்கின்றன. எங்கள் பெயரில் அனுப்ப உரிமையுள்ள ஐ.பி. முகவரிகள் இவை என்று டி.என்.எஸ்.ஸில் அறிவிப்பது முதலாவது. கடிதத்தில் முத்திரையிடுவது இரண்டாவது. இரண்டும் பொய்த்தால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிவைப்பது மூன்றாவது. 2024 பிப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு ஐயாயிரம் கடிதம் அனுப்புகிறவர்கள் கூகிளின் கணக்கில் இந்த இனம். சிறியவர்களுக்கும் முதலிரண்டில் ஒன்றும், ஐ.பி. முகவரிக்கு நேரான தலைகீழ் டி.என்.எஸ். பெயரும் இன்றியமையாதவை. ‘நாங்கள் அனுப்புவது போய்ச்சேரவில்லை’ என்று வரும் புகாரில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

பேக்கப்பைப் பற்றிய முதல் மயக்கம், இரண்டு டிஸ்குகளில் ஒரே சமயத்தில் எழுதும் ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்பது. ரெய்டு டிஸ்கின் மரணத்திலிருந்து காக்கும். மனிதனின் கைப்பிழையிலிருந்தும் நிரலின் பிழையிலிருந்தும் காக்காது. அழி என்றால் இரண்டிலும் உடனடியாக அழிக்கும். கூகிளைவிட அதிகமான பிரதிகளை வைத்திருப்பவர் யார்? 2011 பிப்ரவரி இறுதியில், சேமிப்பு நிரலைப் புதுப்பித்தபோது நேர்ந்த பிழையால், ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவிகிதத்தினரின் பெட்டிகள் காலியாகத் தோன்றின. பல தரவு மையங்களில் இருந்த பிரதிகளையும் அப்பிழை தொட்டுவிட்டது. கடிதங்களை மீட்டது, நெட்வொர்க்கிலிருந்து விலகி அலமாரியில் இருந்த காந்த நாடா. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியூரில் என்று பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்திய விதி இந்தக் காலத்துக்கும் போதுமானது. எப்பொழுதும் சர்வரோடு கோத்தே கிடக்கும் டிஸ்கைப் பிரதியென்று எண்ணாமல் இருந்தால் சரி. பணங்கேட்கும் ரேன்ஸம்வேர் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

பேக்கப் ஏன் இத்தனை நேரம் எடுக்கிறது என்பதற்கு விடை, பெரும்பாலும் பைட்டுகளின் அளவில் இல்லை. கோப்புகளின் தொகையில் இருக்கிறது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1996ல் வெளியிட்ட ஆர்ஸிங்க், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் மகா நுட்பமான நிரல். ஆனால் எது மாறியது என்று தெரிந்துகொள்ள, பத்து லக்ஷம் கோப்புகளையும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாகவேண்டும். மெயில்டிரில் இன்னொரு சூக்ஷ்மம் இருக்கிறது. கடிதத்தைப் படித்தாயிற்று, பதில் எழுதியாயிற்று என்ற குறிப்புகள் கோப்பின் பெயரிலேயே எழுத்துக்களாகச் சேர்க்கப்படுகின்றன. ஒருவர் கடிதத்தைத் திறந்து படித்தால் கோப்பின் பெயர் மாறுகிறது. பேக்கப் நிரலுக்கோ பழைய கோப்பு மறைந்து புதுக் கோப்பு பிறந்ததாகத் தோன்றுகிறது. முழுவதையும் மறுபடி எடுத்துச் செல்லுகிறது. ஒரே பொருளை இருமுறை சேமிக்காத போர்க், ரெஸ்டிக் போன்ற நிரல்கள் பெயரை விட்டு உள்ளடக்கத்தைப் பார்ப்பதால் இந்த விரயம் அவற்றில் நேர்வதில்லை.

மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்சில் பேக்கப் வேறொரு தினுசில் சர்வரையே நிறுத்திவிடும். சிறு நிறுவனங்களுக்கென்று விற்கப்பட்ட ஸ்மால் பிஸினஸ் சர்வர் 2003 அதற்குச் சிறந்த உதாரணம். அதில் அடங்கிய எக்ஸ்சேஞ்ச், ஒவ்வொரு மாறுதலையும் முதலில் ஐந்து ஐந்து மெகாபைட் லாக் கோப்புகளில் எழுதி, பிறகே தரவுத்தளத்தில் சேர்க்கும். முழுப் பேக்கப் ஒன்று வெற்றிகரமாக முடிந்தால்தான் பழைய லாக்குகளை நீக்கும். நாடா மாற்ற மறந்து பேக்கப் தவறிக்கொண்டே போனால், லாக்குகள் குவிந்து டிஸ்கை நிரப்பி, தபாலே நின்றுவிடும். தரவுத்தளம் 16 ஜிகாபைட்டைத் தாண்டினாலும் நின்றுவிடும் என்ற வரம்பு வேறு. 2005ல் வந்த இரண்டாவது சர்வீஸ் பேக் அதை 75 வரையில் உயர்த்த இடங்கொடுத்தது. இடம் வேண்டுமென்ற அவசரத்தில் அந்த லாக்குகளைக் கையால் அழித்து, தரவுத்தளத்தைத் திறக்கமுடியாமற் செய்துகொண்டவர்கள் பலர். பேக்கப் என்பது நாளைய ஆபத்துக்கான காப்பு மட்டுமன்று, இன்றைய ஓட்டத்துக்கே வேண்டிய ஒரு சக்கரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

கடிதங்களை மட்டும் எடுத்துவைத்தால் மீட்பு பாதிதான். அமைப்புக் கோப்புகள், மாற்றுப்பெயர்ப் பட்டியல், டி.கே.ஐ.எம். முத்திரையின் ரகசியச் சாவி, பழக்கிய பேய்ஸ் பட்டியல், இவையும் வேண்டும். டவ்காட் என்ற நிரலின் அட்டவணைக் கோப்புகளை விட்டுவிடலாம். அது தானே திரும்பக் கட்டிக்கொள்ளும். ஆனால் கடிதங்களின் வரிசை எண்களைக் குறித்திருக்கும் யூ.ஐ.டி. பட்டியல் தொலைந்தால், முப்பது பேருடைய போன்களும் லேப்டாப்புகளும் எல்லாக் கடிதங்களையும் முதலிலிருந்து இறக்கிக்கொள்ளத் தொடங்கி, மீண்டெழுந்த சர்வரை மறுபடி கீழே தள்ளும். போஸ்ட்ஃபிக்ஸின் வெளிச்செல்லும் வரிசையை மட்டும் பழைய பேக்கப்பிலிருந்து மீட்கக் கூடாது. முந்தின நாள் போய்ச்சேர்ந்த கடிதங்கள் இரண்டாம் முறை போகும். மாதத்துக்கு ஒரு தரம், யாராவது ஒருவர் பெட்டியைத் தனி இடத்தில் மீட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளாத வரையில், பேக்கப் இருக்கிறது என்று எவரும் சொல்ல உரிமையில்லை.

கடைசியாக, கோளாறின் நடுவில் இருப்பவருக்கு ஒரு வார்த்தை. டிஸ்க் நிரம்பிவிட்டது, அல்லது மறுக்கக் கூடாததை மறுக்கிறது, காரணம் புரியவில்லை என்ற நிலையில், சர்வரை ஓடவிட்டுக்கொண்டே அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர்கள் அதிகம். அதுவே அதிக சேதத்தை விளைவிக்கிறது. தவறாகச் சொன்ன ஒரு 550, கடிதத்தை அனுப்பியவரிடமே முற்றாகத் திருப்பிவிடும். காப்பாற்ற இயலாத ஒரு 250, அதை ஒருவரும் அறியாமல் விழுங்கிவிடும். தபால் வரும் 25ஆம் எண் வாசலை அடைத்துவிட்டு, எஜமானரிடம் சொல்லிவிட்டு, நிதானமாக வேலை பாருங்கள். வாசல் அடைத்திருக்கும்வரை பொறுப்பு உங்களுடையதன்று. அனுப்பும் சர்வர்கள் குறைந்தபட்சம் நாலைந்து நாளாவது கடிதங்களைத் தம்மிடம் வைத்திருந்து திரும்பத் திரும்ப முயலவேண்டும் என்பது 2008ஆம் வருஷத்து விதிமுறையின் கூற்று.